பழக்கமில்லாத கடுங்குளிர்: முதல்முறை சந்திப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மைனஸ் 10 டிகிரி என்பது சைபீரியாவில் யாரும் பேசிக்கொள்ளாத ஒரு சாதாரணக் குளிர்கால நாள். 2021 பிப்ரவரியில் அதே அளவு குளிர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இறங்கியபோது மின் நிலையங்கள் நின்றன, எரிவாயுக் கிணறுகளின் கருவிகள் உறைந்தன, லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அங்கே சுவர், குழாய், சாலை, அலமாரியில் மடித்து வைத்த உடை எல்லாமே வெயிலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

ஆகவே பனி ஊரில் வளர்ந்தவர்கள் சொல்லும் யோசனைகள் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று அவர்களால் சிரிக்க முடிகிறது, அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் ஆழத்தில் போகிறது, விடியும் முன்பே தெருவில் பனி தள்ளும் வண்டி வந்துவிடுகிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை. பழகாத குளிரைச் சமாளிப்பதில் முக்கால்வாசி வேலை அது வருவதற்கு முந்தைய இரண்டு நாளிலேயே முடிந்துவிட வேண்டும். வந்தபிறகு செய்ய வேண்டிய பெரிய வேலை, வெளியே போகாமல் இருப்பது.

அறிவிப்பில் எதைப் பார்ப்பது

இப்படிப்பட்ட குளிர் பல சமயம் திடீரென்று வருவதில்லை. துருவத்தின் மேல் வளிமண்டலத்தின் உயரமான அடுக்கில், குளிர்காற்று ஒரு பெரிய சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அடுக்கு சில ஆண்டுகளில் சட்டென்று சூடாகி, சுழல் நிலைகுலைகிறது. அதன்பின் சில வாரங்களுக்குள் துருவக் காற்று தெற்கே, வழக்கமாக எட்டாத இடங்கள்வரை இறங்கக்கூடும். 2018 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பாவை உறைய வைத்த குளிர் அப்படி வந்ததுதான். எங்கே இறங்கும் என்பது கடைசி ஐந்தாறு நாளில்தான் தெளிவாகும். அந்த ஐந்தாறு நாள் போதும்.

வானிலை அறிக்கையில் பகல்நேர வெப்பநிலையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இரவின் மிகக்குறைந்த அளவு என்ன, பூஜ்யத்துக்குக் கீழே தொடர்ந்து எத்தனை மணி நேரம் இருக்கும், காற்றின் வேகம் என்ன என்பதைப் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20 போல உறைக்கும். இந்தக் காற்றுக்குளிர்க் கணக்கு மைனஸ் 28-ஐ எட்டினால், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் பனிக்கடி (தோலும் அதன் கீழுள்ள திசுவும் உறைந்துபோவது) ஏற்படலாம். ஒரு சின்ன ஆறுதல்: இது உடம்புக்கான கணக்கு மட்டுமே. வெளியே 2 டிகிரி இருக்கும்போது எவ்வளவு காற்று அடித்தாலும் உங்கள் குழாய்த் தண்ணீர் உறையாது.

அறிக்கையில் 'உறைமழை' என்ற சொல் இருந்தால் பனிப்பொழிவைவிட அதற்கு அதிகம் பயப்படுங்கள். மழையாகவே விழுந்து, தரையையோ கம்பியையோ தொட்ட கணத்தில் பனிக்கட்டியாக இறுகுவது அது. மரக்கிளை, மின்கம்பி, வாசல் படி எல்லாவற்றின் மீதும் கண்ணாடிபோல் ஒரு பூச்சு ஏறும். பின்பு எடை தாங்காமல் ஒவ்வொன்றாக ஒடியும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளில் சில இடங்களில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இப்படிப் பெய்தது. இரும்பு மின்கோபுரங்கள் மடங்கி விழுந்தன. சில குடும்பங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. குளிருக்குப் பேர்போன நாட்டிலேயே இந்தக் கதி.

முந்தைய இரண்டு நாள்

மூன்று நாளைக்கு வெளியே போகாமல், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் அதிலிருந்து தானாக வரும். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். கழிப்பறைக்கு வாளிகளில் தனியாக. சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. தவறாமல் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு. டார்ச், அதற்கு மாற்று பேட்டரி, நிரம்ப சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். கைக்குழந்தை இருந்தால் அதற்கானவை. வீட்டில் யாராவது ஆக்சிஜன் கருவி போன்று மின்சாரத்தில் ஓடும் மருத்துவச் சாதனத்தை நம்பியிருந்தால், குளிர் தொடங்கும் முன்பே அவரை மின்வசதி உறுதியான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். நடுஇரவில் ஆம்புலன்ஸ் வரும் என்ற கணக்கு வேண்டாம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பனிக்குப் பழகிய பஃபலோ நகரிலேயே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் பனியில் சிக்கி நின்றன.

தனியாக வசிக்கும் முதியவர் பக்கத்தில் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். வயதானவர்களுக்கு உடம்பு குளிர்ந்துகொண்டே போவது பல சமயம் தெரிவதில்லை. "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

குழாய்கள்

இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். குளிர் ஓரிரு நாளில் போய்விடும். வெடித்த குழாயின் செலவு மாதக்கணக்கில் தொடரும்.

தண்ணீர் பனிக்கட்டி ஆகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கட்டி பிடித்த இடத்திலேயே குழாய் பிளக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் நடுவே ஒரு பனிக்கட்டி அடைப்பாக உருவாகி வளர்கிறது. அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீர் போக வழியில்லாமல் நெருக்கப்பட்டு, அழுத்தம் ஏறி, அந்தப் பகுதியில் எங்கோ ஒரு பலவீனமான இணைப்பில் உடைகிறது. இரவில் குழாயை லேசாகத் திறந்து வைக்கச் சொல்வது இதனால்தான். ஓடும் தண்ணீர் உறைய நேரமாகும். அப்படியே உறைந்தாலும் அழுத்தம் வெளியேற ஒரு வழி இருக்கும். வெப்பக்காப்பு இல்லாத குழாய்களுக்கு மைனஸ் 6, 7 டிகிரி தொடர்ந்து சில மணி நேரம் நீடித்தாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். அதை வெள்ளத்தின் நடுவே தெரிந்துகொள்ளக் கூடாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

2. தோட்டத்துக் குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

3. வெளிச்சுவரை ஒட்டியும், மாடியிலும், சூடில்லாத அறைகளிலும் ஓடும் குழாய்களைச் சுற்றுங்கள். குழாய்மேல் மாட்டும் நுரை உறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றி, நனையாதபடி மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள். நனைந்த துணியால் பயனில்லை.

4. சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாயைத் தொடட்டும்.

5. இரவில், மெயின் வால்விலிருந்து மிகத் தூரத்தில் உள்ள குழாயில் நூல்போல் தண்ணீர் ஓடட்டும். வெந்நீர்க் குழாய் தனியாக இருந்தால் அதிலும்.

ஊரே இப்படிக் குழாயைத் திறந்து வைத்தால் தண்ணீர் அழுத்தம் குறையும் என்று சில இடங்களில் வேண்டாம் என்பார்கள். அப்படி அறிவிப்பு வந்தால் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, உள்ளே இருப்பதை முழுவதும் வடித்துவிடுங்கள். மின்சாரம் போய் வீடு உறையத் தொடங்கினாலும் இதுவே வழி.

காலையில் தண்ணீர் வரவில்லை, ஆனால் எங்கும் உடையவில்லை என்றால் குழாய்வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி மெல்லச் சூடேற்றுங்கள். முடி உலர்த்தும் கருவியோ வெந்நீரில் நனைத்த துண்டோ போதும். நெருப்புப் பந்தம், அடுப்பு ஜுவாலை எதையும் குழாயருகே கொண்டு போகாதீர்கள்.

மின்சாரம் போனால்

வீடு முழுவதையும் சூடாக வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரே ஓர் அறை. சின்னதாக, கூரை தாழ்வாக, ஜன்னல் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதில் கூடுங்கள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடுங்கள். பகலில் வெயில் விழும் நேரத்தில் மட்டும் விலக்குங்கள். கதவின் கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். வெறும் தரையில் உட்காராதீர்கள். தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெத்தை, அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் எதுவானாலும் கீழே பரப்புங்கள். சிறுவர்களை மேசைக்கு மேல் போர்வை போட்டுச் செய்த கூடாரத்துக்குள் உட்கார வைத்தால் அவர்களுக்கு விளையாட்டு, உங்களுக்கு நிம்மதி.

அடுத்து, குளிரோடு சேர்ந்து வரும் இரண்டாவது எதிரி. கரி அடுப்பை அறைக்குள் வைப்பது, எரிவாயு அடுப்பை ஏற்றிவிட்டுக் குளிர்காய்வது, ஜெனரேட்டரைப் பால்கனியிலோ கார் கொட்டகையிலோ ஓட்டுவது ஆகிய மூன்றும் ஆளைக் கொல்லும். எரிபொருள் முழுமையாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடுகிறது. டெக்சாஸ் குளிரில் இறந்தவர்களிலும் சிலர் இந்த வாயுவால் இறந்தார்கள்.

தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமல் ஃப்ளூ வந்ததுபோல் இருக்கும். வீட்டில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும், நாய் பூனைக்கும்கூட, இப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுபோய், அங்கிருந்து உதவிக்கு அழையுங்கள். "கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்" என்று படுத்தவர்கள் பலர் எழுந்திருக்கவில்லை. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னலை நோக்கி வராதபடி இருக்க வேண்டும். இந்த வாயுவைக் கண்டு ஒலி எழுப்பும் பேட்டரிக் கருவி கிடைக்கிறது. கடுங்குளிருக்கென்று ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள் என்பேன்.

மின்சாரம் இருந்து ஹீட்டர் வைத்தால், திரை, படுக்கை, துணியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்; நீட்டிப்புக் கம்பியில் வேண்டாம், அது சூடேறி உருகும். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே உள்ளவை சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம்.

உடை

தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உடம்பை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் மெல்லிய பாலியெஸ்டரோ கம்பளியோ. நடுவில் கதகதப்புக்குத் தடித்த கம்பளி. மேலே காற்றும் நீரும் புகாத ஒன்று. பருத்தி பனியனை அடியில் போடாதீர்கள். வெயில் காலத்தில் நமக்குப் பிடித்த அதன் குணமே இங்கே எதிரி: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நீங்கள் நின்ற மாத்திரத்தில் முதுகில் ஈரத்துணியாக ஒட்டிக்கொள்ளும். நடக்கும்போது சூடு தெரியத் தொடங்கினால், வியர்க்கும் முன்பே ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

விரல் ஒவ்வொன்றுக்கும் தனி உறை உள்ள கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை அதிகச் சூடு தரும். காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஷூவுக்குள் விரல்களை அசைக்க இடமிருக்க வேண்டும். காதையும் மூக்கையும் மறக்காதீர்கள். பனிக்கடி முதலில் தேடிவருவது அவற்றைத்தான்.

வெளியே போயே ஆக வேண்டும் என்றால்

காலை முழுதாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து வாத்துபோல் நடங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். கைகளைப் பையில் நுழைக்காதீர்கள். வழுக்கினால் சமநிலைக்கு அவை வேண்டும். சாலையில் வெறும் ஈரம்போல் கறுப்பாகப் பளபளப்பது பல சமயம் மெல்லிய பனிக்கட்டி. பாலங்கள் கீழிருந்தும் குளிர்வதால் மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

வாசல் படியில் வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைக்கும் யோசனை எல்லோருக்கும் வருகிறது. சற்று நேரத்தில் அது மீண்டும் உறைந்து, முன்பைவிட வழவழப்பாகும். காரின் முன்கண்ணாடியில் ஊற்றினால் கண்ணாடியே விரிசல் விடலாம். சாதாரண உப்பு, சுமார் மைனஸ் 9 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே மணலைத் தூவுங்கள். அது பனியைக் கரைக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்புத் தரும்.

பனியை மண்வாரியால் அள்ளுவது லேசான வேலை என்று நினைத்து இறங்குகிறவர்கள் நிறையப் பேர். புதிதாக விழுந்த பனி கனமில்லாததுதான். ஆனால் ஈரப்பனி கன மீட்டருக்கு 300 கிலோவரை வரும். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது கிடந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 60 கிலோ. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதில் மூச்சைப் பிடித்துத் தூக்கினால் இதயம் திணறும். தூக்காமல் தள்ளுங்கள், அடிக்கடி நில்லுங்கள். இதயநோய் உள்ளவர்கள் மண்வாரியைத் தொடவே வேண்டாம்.

பனிக்கட்டிச் சாலையில் கார் நிற்க எடுக்கும் தூரம் சாதாரணச் சாலையைவிடப் பத்து மடங்குவரை போகலாம். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பனிக்கென்று செய்த டயர் இல்லாவிட்டால் ஓட்டாதீர்கள் என்பதே என் யோசனை. தவிர்க்க முடியாவிட்டால் டேங்க் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். போர்வை, தண்ணீர், டார்ச், சிறு மண்வாரி உள்ளே இருக்கட்டும். எந்த வழியில் போகிறீர்கள் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வழியில் சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். பனிப்புயலில் சில அடி தூரத்திலேயே திசை தெரியாமல் போய்விடும். ஆன்டெனாவில் பளிச்சென்ற நிறத் துணியைக் கட்டுங்கள். எஞ்சினை மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் பின்னால் புகை வெளியேறும் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். காற்று வராத பக்கத்து ஜன்னலை ஒரு விரலளவு திறந்து வையுங்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலைச்சாலையில் பனியில் சிக்கிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து கிடந்தார்கள். பனி அடைத்த குழாயால் புகை உள்ளே திரும்பியது பலரின் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

கட்டைவிரலால் சுண்டுவிரலின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் கை அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது. உடனே உள்ளே போங்கள். தோல் வெளுத்து அல்லது மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகி, மெழுகுபோல் இறுகி, உணர்வற்றுப் போனால் அது பனிக்கடி. தேய்க்காதீர்கள். பனியை எடுத்துத் தேய்க்கும் பழைய வைத்தியம் திசுக்களை இன்னும் கிழிக்கும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில், உணர்வும் நிறமும் திரும்பும்வரை அமிழ்த்தி வையுங்கள். நெருப்பிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. மீண்டும் உறையக்கூடிய இடத்தில் இருந்தால் அங்கே சூடேற்றவே வேண்டாம், மருத்துவமனைவரை அப்படியே கொண்டுபோங்கள்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது இன்னும் மோசம். முதலில் நடுக்கம், பின்பு நாக்குக் குழறும், பொத்தான் போட முடியாது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிறது என்று நினைக்காதீர்கள். உடம்பு போராட்டத்தைக் கைவிடுகிறது. உடனே மருத்துவ உதவிக்கு அழையுங்கள். அது வரும்வரை ஈர உடையைக் களைந்து, மார்பு, கழுத்து, தலை, அடிவயிற்றுப் பகுதியை முதலில் சூடாக்குங்கள். போர்வைக்குள் இன்னொருவர் ஒட்டிப் படுப்பதும் உதவும். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். மது கூடவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்துக் கதகதப்பாக இருப்பதுபோல் காட்டி, உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் வெளியே விரயமாக்கிவிடும்.

உருகத் தொடங்கும்போது

வெயில் வந்ததும் எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். கூரை விளிம்புக்குக் கீழே நிற்காதீர்கள். தொங்கும் பனி ஈட்டிகளும் கூரையில் தேங்கிய பனியும் விழுவது அப்போதுதான். பகலில் உருகிய நீர் இரவில் மறுபடி உறையும், எனவே மறுநாள் காலை நடை முந்தைய நாளைவிட ஆபத்தானது. அறுந்து தொங்கும் கம்பி எதையும் செத்த கம்பி என்று நினைத்து நெருங்காதீர்கள்.

உறைந்தபோதே பிளந்த குழாய், உள்ளே இருக்கும் பனிக்கட்டி கரைந்த பின்புதான் கொட்டத் தொடங்கும். மெயின் வால்வை மூடி வைத்திருந்தால் அதைக் கால்வாசி மட்டும் திறந்து, வீட்டைச் சுற்றி வந்து சுவர், கூரை, தொட்டிக்கு அடியில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பின்பு எல்லாக் குழாய்களையும் இறுக மூடி, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கசிவு இருக்கிறது. வால்வை மூடிவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஈரம் தெரியும் சுவரில் உள்ள மின் சுவிட்சுகளை அவர் வரும்வரை தொடாதீர்கள்.